கண்ணுக்குள் ஓர் ஆற்றுவாய்: திறந்த கோணக் குளுக்கோமாவிற்கான சத்திரசிகிச்சைகள்

மட்டக்களப்பு வாவிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஆற்றுவாய் வெட்டுவது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் கடலலை மணலை வாரிப் போட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி பிறந்து, மேற்கேயுள்ள குளங்களும் ஆறுகளும் நிரம்பி வாவிக்குள் நீரைக் கொட்டத் தொடங்கியதும், போக வழியில்லாத தண்ணீர் ஏறி வயலுக்குள்ளும் வளவுக்குள்ளும் புகும். அப்போது மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழி விடுவார்கள். வெட்டிய வாயை மணல் மீண்டும் மூடப் பார்க்கும் என்பதும், அளவுக்கு மீறி அகலமாக வெட்டினால் வாவி வற்றி மீன்பிடி கெடும் என்பதும் அக்கரையிலும் இக்கரையிலும் உள்ள எல்லோரும் அறிந்தவை. குளுக்கோமா என்ற கண்நோய்க்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளை விளங்கிக்கொள்ள இந்த அறிவே பெருமளவு போதுமானது என்பதை, மண்டூரில் வசிக்கும் என் மாமாவோடு இரண்டு ஆண்டுகள் கண் கிளினிக்கிற்கு அலைந்த பிறகு நான் கண்டுகொண்டேன். பல ஆண்டுகள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்த எனக்கும், கரும்பலகையில் வரைந்த கண்ணின் படம் உயிருள்ள ஒருவரின் கண்ணாக மாறியபோதுதான் பல விடயங்கள் தெளிந்தன.

கண்ணின் முன்பகுதியில், வில்லைக்கும் வெளியே கண்ணாடி போலத் தெரியும் படலத்திற்கும் இடையில், தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. நமது பாடநூல்கள் அதனை நீர்மயவுடனீர் என்று சொல்லும். கண்மணியைச் சுற்றி நிற வளையமாகத் தெரியும் கதிராளிக்குப் பின்னால் உள்ள பிசிர் உடல் இந்த நீரை நிமிடத்திற்கு 2 முதல் 2.5 மைக்ரோலீற்றர் அளவில் ஓயாமல் சுரக்கிறது. நாள் முழுவதும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனாலும் கண் மூடிய உருண்டையாதலால், சுரக்கும் அளவு வெளியேறியே ஆகவேண்டும். கதிராளியும் வெளிப்படலமும் சந்திக்கும் கோணத்தில் வலைபோன்ற ஓர் இழையம், அதாவது வடிவலை, இருக்கிறது. நீர் அதனூடாக வடிந்து, 1830 ஆம் ஆண்டில் ஜேர்மனிய உடற்கூற்றியலாளர் பிரீட்ரிக் ஷ்லெம் விவரித்த வட்டக் கால்வாயை அடைந்து, அங்கிருந்து வெண்விழியின் மேலுள்ள சிறு நாளங்களில் கலக்கிறது. இந்த வரத்தும் போக்கும் சமநிலையில் இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் என்ற எல்லைக்குள் நிற்கும்.

திறந்த கோணக் குளுக்கோமாவில் கோணம் அடைபடவில்லை. வைத்தியர் அதற்குரிய கண்ணாடியை வைத்துப் பார்த்தால் வாசல் திறந்தே தெரியும். ஆனால் வலை தூர்ந்துபோய், நீர் வடியும் வேகம் குறைந்திருக்கும். அழுத்தம் மெல்ல ஏறும்போது, கண்ணின் பின்புறத்தில் இலட்சக்கணக்கான இழைகளாகச் சேர்ந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு நசுங்கி, இழை இழையாக இறந்துபோகிறது. நோவு இல்லை, சிவப்பும் இல்லை. முதலில் பக்கப் பார்வையே தேய்வதாலும், ஒரு கண் விட்டதை மறு கண் நிரப்பிவிடுவதாலும், நடுப்பார்வைக்கு ஆபத்து வரும்வரை பலருக்கு எதுவுமே தெரிவதில்லை. அழுத்தம் சாதாரண எல்லைக்குள் இருந்தும் நரம்பு தேய்கின்றவர்களும் உண்டு. அவர்களுக்கும் இருக்கும் அழுத்தத்தை மேலும் குறைப்பதே சிகிச்சை. 2013 ஆம் ஆண்டில் உலகெங்கும் 40 முதல் 80 வயது வரையானவர்களில் 6 கோடியே 43 இலட்சம் பேருக்குக் குளுக்கோமா இருந்ததாகவும், 2040 இல் அது 11 கோடியைத் தாண்டும் என்றும் 2014 இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்புப் பல மடங்கு கூடும் என்பதால், என் மாமாவுக்கு நோய் என்று அறிந்த அதே மாதத்தில் அவருடைய தம்பிமாரையும் என் அம்மாவையும் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

சத்திரசிகிச்சை எதைத் தரும், எதைத் தராது

இந்த ஒரு விடயம் சரியாக விளங்காததால்தான் எங்கள் பகுதியில் பெரும் மனக்கசப்பும், சில வேளைகளில் பார்வை இழப்பும் ஏற்படுகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெண்புரைக்கு ஒப்பரேஷன் செய்தவர் மறுநாள் கட்டவிழ்த்ததும் உலகம் வெளுத்துத் தெரிகிறது என்று மகிழ்கிறார், ஏனெனில் அங்கே மங்கிப்போன வில்லை மாற்றப்படுகிறது. குளுக்கோமாவில் இறந்துபோன நரம்பிழையை மீட்கும் மருந்தோ கத்தியோ இன்றுவரை இல்லை. சத்திரசிகிச்சை செய்யப்படுவது, எஞ்சியுள்ள இழைகளாவது பிழைக்கும்படி அழுத்தத்தைக் குறைப்பதற்காக மட்டுமே. அதனால் சத்திரசிகிச்சை முழு வெற்றி பெற்றாலும் பார்வை கூடாது. சிலருக்குச் சில வாரங்கள் முன்பைவிடச் சற்று மங்கலாகவும் இருக்கும்.

என் மாமாவும் மூன்றாம் மாதத்தில், "முந்தி இருந்த மாதிரித்தானே கிடக்கு மருமகன், பிறகு என்னத்துக்கு வெட்டினவங்க?" என்று கேட்டார். அன்றைய கிளினிக் கொப்பியில் அவருடைய கண் அழுத்தம் 31 இலிருந்து 12 ஆக இறங்கியிருந்தது. முந்தி இருந்த மாதிரியே இருப்பதுதான் அந்தச் சத்திரசிகிச்சையின் வெற்றி என்று அவருக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேவைப்பட்டது. இதனை ஒப்பரேஷனுக்கு முன்பே யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால், ஒரு மாதம் அவர் சொட்டு மருந்தை வெறுத்து ஒதுக்கியிருக்க மாட்டார்.

வெண்புரையோடு குழப்பிக்கொள்வதால் வரும் இன்னொரு தீங்கும் உண்டு. பார்வை மங்குகிறது என்றதும், புரைதான், நன்றாக முத்தட்டும், அறுவடை முடிந்து பார்ப்போம் என்று காத்திருப்பது நம் ஊர்களில் வழக்கம். புரை காத்திருக்கும், காத்திருந்து செய்தாலும் பார்வை திரும்பும். குளுக்கோமாவில் காத்திருந்த காலத்தில் போனது போனதுதான்.

எப்போது கத்திக்குப் போவது

பெரும்பாலானோருக்குச் சிகிச்சை சொட்டு மருந்தோடு தொடங்குகிறது. சில மருந்துகள் நீர் சுரப்பதைக் குறைக்கின்றன, சில வடிவதைக் கூட்டுகின்றன. வைத்தியர் ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் இலக்கு அழுத்தத்தை மனதில் வைத்திருப்பார். தேய்வு குறைந்த கண்ணுக்கு 18 போதுமானதாக இருக்கலாம்; நரம்பு பெரும்பாலும் தேய்ந்துவிட்ட கண்ணுக்கு 12 ஐ அண்டியே நிற்க வேண்டியிருக்கலாம். இரண்டு மூன்று மருந்துகள் விட்டும் இலக்கை எட்டாதபோதும், அழுத்தம் எட்டியும் பார்வைப் புலப் பரிசோதனையில் கறுப்புப் பகுதி பெருகும்போதும், மருந்தினால் கண் தாங்கமுடியாமல் சிவக்கும்போதும் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு எழும். கை நடுங்கும் முதியவர் தனியே வசிப்பதால் ஒழுங்காக மருந்து விட முடியாது என்பதும் வைத்திய ரீதியில் முழுமையான ஒரு காரணமே. அதனைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

முதன்முதல் கண்டுபிடிக்கும்போதே நோய் முற்றியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, பிரித்தானியாவில் 453 நோயாளிகளை வைத்து நடத்தி 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று நல்ல விடை தந்தது. நேரடியாகச் சத்திரசிகிச்சை பெற்றவர்களின் சராசரி அழுத்தம் இரண்டு ஆண்டுகளின் பின் 12.4 ஆகவும், மருந்தோடு தொடங்கியவர்களின் அழுத்தம் 15.1 ஆகவும் இருந்தன. வாழ்க்கைத் தரத்தில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவருக்கு வைத்தியர் எடுத்த எடுப்பிலேயே ஒப்பரேஷன் என்றால், அது அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தையல்ல என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறேன்.

லேசர்: அடைந்த வாயைத் தூண்டித் திறப்பது

எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணுக்கு லேசர் அடித்தது என்று சொன்னால், அது நான்கு வெவ்வேறு விடயங்களில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். நீரிழிவினால் கெட்ட விழித்திரைக்கு அடிக்கும் லேசர் ஒன்று. புரை ஒப்பரேஷனுக்குப் பின் மங்கிய சவ்வைத் திறக்கும் லேசர் வேறொன்று. கோணம் மூடிய குளுக்கோமாவில் கதிராளியில் சிறு துளையிடுவது மூன்றாவது. திறந்த கோணக் குளுக்கோமாவில் செய்யப்படுவது இவை எதுவுமல்ல. இங்கே லேசர் ஒளி, தூர்ந்த அந்த வடிவலையின் மீது பாய்ச்சப்படுகிறது. 1979 முதல் ஆர்கன் லேசரைப் பயன்படுத்தினார்கள்; அது வலையில் தழும்பை ஏற்படுத்துவதால் மீண்டும் மீண்டும் செய்ய இடமில்லை. 1990களில் உருவான எஸ்.எல்.டி. என்ற முறை, வலையில் உள்ள நிறமியுள்ள உயிரணுக்களை மட்டும் மிகக் குறைந்த சக்தியால் தூண்டி, வலை தன்னைத்தானே துப்புரவு செய்யும்படி விடுகிறது. வெட்டு இல்லை, தையல் இல்லை. மரக்கவைக்கும் சொட்டு மருந்தை விட்டு, கதிரையில் இருந்தபடியே பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிடும். பயன் தெரிய நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம் என்பதால், வைத்தியர் சொல்லும்வரை பழைய சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது.

718 பேரை உள்ளடக்கி 2019 இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வில், சொட்டு மருந்துக்குப் பதிலாக இந்த லேசரோடு தொடங்கியவர்களில் 74.2 சதவீதத்தினர் மூன்று ஆண்டுகளின் முடிவில் மருந்து எதுவுமின்றியே இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள். மருந்தோடு தொடங்கியவர்களில் 11 பேருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. லேசர் பிரிவில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. மாதாமாதம் மருந்து தேடி அலையும் ஊர்ப்புற நோயாளிகளுக்கும், நோன்பு காலத்தில் பகலில் மருந்து விடத் தயங்கும் கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து முதியவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எண்ணிப் பாருங்கள். எனினும் இதன் பயன் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கிறது; திரும்பச் செய்யலாம். நோய் முற்றிய, அழுத்தம் மிகக் கூடிய கண்ணுக்கு இது மட்டும் போதாது.

டிரபெகியூலெக்டமி: புதிய வாய் வெட்டுவது

சத்திரசிகிச்சை என்று கண் வைத்தியர் பொதுவாகச் சொல்லும்போது அவர் கருதுவது பெரும்பாலும் இதனைத்தான். அடைபட்ட பழைய வழியை விட்டுவிட்டு, கண்ணின் நீர் வெளியேறப் புதிதாக ஒரு வழி வெட்டுவதே இதன் அடிப்படை. இந்த எண்ணம் பழையது. சென்னையில் எழும்பூர்க் கண் மருத்துவமனைக்குப் பொறுப்பாயிருந்த ரொபர்ட் எலியட் என்ற வைத்தியர் 1909 ஆம் ஆண்டிலேயே வெண்விழியின் விளிம்பில் வட்டத் துளையிடும் முறையைப் புகுத்தி, அது உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தத் துளைக்குக் கதவு இல்லை. நீர் தடையின்றி ஓடிக் கண் சோர்ந்துபோவதும், வருடங்கள் கடந்தும் கிருமி புகுவதும் அதன் குறைகளாயின. 1968 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜோன் கெயர்ன்ஸ் என்பவர் துளைக்கு மேலே வெண்விழியாலேயே ஒரு மூடியை வைக்கும் முறையை வெளியிட்டார். வடிவலையின் ஒரு துண்டை எடுத்துவிட்டால் நீர் நேராக ஷ்லெம் கால்வாயின் வெட்டுமுனைக்குள் போகும் என்பதே அவர் கருதியது. வலையை வெட்டியெடுத்தல் என்ற பொருளில் டிரபெகியூலெக்டமி என்ற பெயரும் அப்படியே அமைந்தது. உண்மையில் நீர் மூடியின் ஓரத்தால் கசிந்து மேற்தோலின் கீழே சேர்ந்து உறிஞ்சப்படுகிறது என்பது பின்னர் தெளிவானது. காரணம் வேறாக இருந்தாலும் முறை நிலைத்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மற்ற எல்லாச் சத்திரசிகிச்சைகளும் இதனோடு ஒப்பிட்டே அளக்கப்படுகின்றன.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன், ஏனெனில் தெரிந்தால் பயம் குறையும். பெரும்பாலும் கண்ணைச் சுற்றி ஊசியால் மரக்கவைப்பார்கள்; நோயாளி விழித்திருப்பார், நோவு தெரியாது. மேல் இமைக்குள் மறையும் இடத்தில் வெண்விழியின் மெல்லிய மேற்தோலை விலக்கி, அதன் கீழுள்ள வன்கோதுப்படையில் பாதித் தடிப்பில் மூன்று நான்கு மில்லிமீற்றர் அளவான மடிப்பு ஒன்றைக் கதவுபோல் உயர்த்துவார்கள். கதவின் அடியில் கண்ணுக்குள் ஒரு சிறு துளை. அந்தத் துளையைக் கதிராளி வந்து அடைக்காதபடி அதிலும் ஒரு சிறு துண்டு எடுக்கப்படும். பிறகு கதவைச் சாத்தி, முடியிலும் மெல்லிய நைலோன் நூலால், நீர் கசியுமளவு இடம்விட்டுத் தைத்து, மேற்தோலையும் மூடிவிடுவார்கள். கசியும் நீர் தோலின் கீழே சேர்ந்து இமைக்குள் ஒரு தாழ்ந்த கொப்புளமாக நிற்கும். அது நோயல்ல, அதுதான் புதிய ஆற்றுவாய். இமையைத் தூக்கிப் பார்த்துப் பயந்து அதனை அழுத்தியோ கசக்கியோ விடக்கூடாது.

முகத்துவாரத்தை மணல் மூடுவதுபோல இந்த வாயை உடல் மூடப் பார்க்கும். காயம் ஆறுவதுதானே உடலின் இயல்பு. இங்கு மட்டும் காயம் முழுதாக ஆறிவிட்டால் சிகிச்சை தோற்றது. ஆகவே புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படும் மைட்டோமைசின் என்ற மருந்தில் தோய்த்த சிறு பஞ்சைச் சில நிமிடங்கள் அந்த இடத்தில் வைத்துக் கழுவிவிடுவார்கள். தழும்பு கட்டும் உயிரணுக்கள் பெருகாமல் அது தடுக்கிறது. அதன் பின்னரும் இரண்டு மூன்று மாதங்கள் ஸ்டீரொயிட் சொட்டு மருந்து விட வேண்டும், ஆரம்பத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓரிரு மணித்தியாலத்திற்கு ஒருமுறை. முதல் ஆறு வாரங்களில் கிட்டத்தட்ட வாரந்தோறும் கிளினிக்கிற்கு வரச்சொல்வார்கள். அழுத்தம் கூடினால் ஒரு தையலைத் தளர்த்துவார்கள் அல்லது லேசரால் அறுப்பார்கள். தழும்பு கட்டத் தொடங்கினால் ஊசியால் விடுவிப்பார்கள். ஒப்பரேஷன் மேசையில் ஒரு மணித்தியாலம்தான். அதன் விதியை இந்த ஆறு வாரங்களே தீர்மானிக்கின்றன. மண்டூரிலிருந்து விடியற்காலையில் பாதை எனப்படும் படகேறி வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, பஸ் பிடித்து மட்டக்களப்புக்கு வாரந்தோறும் மாமாவைக் கூட்டிப்போனது எங்களுக்குச் சிரமமாகத்தான் இருந்தது. இந்தப் பயணங்களுக்கு ஆளும் பணமும் நாளும் ஒதுக்கிய பிறகே ஒப்பரேஷனுக்குத் திகதி எடுங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன். கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுபவர்கள், பின்தொடரும் கிளினிக் எங்கே நடக்கும், ஊருக்கு அருகில் பார்க்க முடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதன் ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. வாயை அகல வெட்டினால் வாவி வற்றுவதுபோல, நீர் மிகையாகக் கசிந்து கண் அளவுக்கு மீறித் தளர்ந்து பார்வை மங்கலாம். பெரும்பாலும் இது சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு மீண்டும் தைக்க வேண்டிவரும். வெண்புரை விரைவாக வளரும். வருடங்கள் கழித்துத் தழும்பு மூடிக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றிலும் பாரதூரமானது கிருமித்தொற்று. அதற்குப் பின்னர் வருகிறேன்.

குழாய் வைப்பது

வெட்டிய வாய் மூடிக்கொண்ட கண்ணிலும், முன்பு பல ஒப்பரேஷன்களால் தழும்பேறிய கண்ணிலும் திரும்பவும் வெட்டுவதைவிட ஒரு குழாயைப் பதிப்பது நல்லது. மணல் மூடும் இடத்தில் வாய் வெட்டாமல் சீமெந்துக் குழாய் பதிப்பதற்கு இது ஒப்பானது. சிலிக்கோன் குழாயின் ஒரு முனை கண்ணின் முன்னறைக்குள் இருக்கும். மறுமுனை இமைக்குள் வெகு பின்னால், மேற்தோலின் கீழ் தைக்கப்பட்ட ஒரு தட்டில் முடியும். தட்டைச் சுற்றி உடல் கட்டும் உறைக்குள் நீர் சேர்ந்து உறிஞ்சப்படும். இதனை 1969 இல் அந்தோனி மொல்டெனோ அறிமுகப்படுத்தினார். 1993 இல் வந்த அகமட் வால்வு, அழுத்தம் மிகக் குறைந்தால் தானே மூடிக்கொள்ளும் இதழ்களைக் கொண்டது. வால்வு இல்லாத பெரிய தட்டுகளில், உறை கட்டும்வரை குழாயைக் கரையும் நூலால் கட்டிவிடுவார்கள். ஐந்து ஆறு வாரங்களில் நூல் கரைய, அழுத்தம் திடீரென இறங்கும். அந்த வாரத்தில் பார்வை மங்கினாலோ நோவு கண்டாலோ உடனே காட்ட வேண்டும். மதுரையின் ஓரோலாப் நிறுவனம் இந்த வகைத் தட்டைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியது தென்னாசிய நோயாளிகளுக்குப் பெரும் உதவி.

முன்பே ஒப்பரேஷன் செய்த கண்களில் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் ஐந்தாண்டு முடிவில், குழாய் வைத்தவர்களில் 29.8 சதவீதமும் டிரபெகியூலெக்டமி செய்தவர்களில் 46.9 சதவீதமும் தோல்வி கண்டிருந்தன. எவ்வளவு நல்ல கையாலும் செய்யப்பட்ட ஒப்பரேஷனும் காலத்தால் தேயக்கூடியது என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. கிளினிக்கை ஒருபோதும் விட முடியாது என்பதன் காரணமும் இதுவே.

நுண் கருவிகளும் கடல்மட்டமும்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் மிகச் சிறிய வெட்டினூடாகச் செய்யும் புதிய முறைகள் பல வந்துள்ளன. அமெரிக்காவில் 2012 இல் அனுமதி பெற்ற ஐஸ்டென்ட் என்பது ஒரு மில்லிமீற்றர் நீளமேயுள்ள டைட்டேனியக் குழாய். புரை ஒப்பரேஷனோடு சேர்த்து வடிவலைக்குள் செருகப்படும். வேறு சில முறைகளில் கருவி எதனையும் விடாமல், வலையின் ஒரு பகுதியை நூலாலோ சிறு அலகாலோ உள்ளிருந்தே கிழித்துத் திறக்கிறார்கள். காயம் சிறியது, குணம் விரைவு, ஆபத்துக் குறைவு. புரையும் ஆரம்ப நிலைக் குளுக்கோமாவும் சேர்ந்திருப்பவருக்கு இது பொருத்தமானது.

ஆனால் இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அதனையும் வாவியே விளக்கும். முகத்துவாரத்தை எவ்வளவு தூர்வாரினாலும் வாவியின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்குக் கீழே இறங்காது. ஷ்லெம் கால்வாய் சென்று கலக்கும் நாளங்களுக்குள்ளேயே 8 முதல் 10 மில்லிமீற்றர் இரசம் வரை அழுத்தம் இருக்கிறது. ஆகவே பழைய வழியைத் திறக்கும் எந்த முறையும் கண்ணழுத்தத்தைப் பெரும்பாலும் பதினைந்தை அண்டிய அளவிலேயே நிறுத்தும். 12 தேவைப்படும் முற்றிய கண்ணுக்கு, அந்த நாளங்களைத் தவிர்த்து வேறிடத்தில் நீரை விடும் டிரபெகியூலெக்டமியோ குழாயோதான் வழி. புதியது எல்லாம் மேலானதும் அல்ல. 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைபாஸ் என்ற நுண்குழாய், கண்ணின் முன்படலத்து உயிரணுக்களைக் காலப்போக்கில் அழிப்பது தெரியவந்ததால் 2018 இல் திரும்பப் பெறப்பட்டது. கடலுக்கப்பாலுள்ள உறவினர் விளம்பரத்தைப் பார்த்துச் சொல்லும் முறையே நமக்கும் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதைவிட, நம் கண்ணின் இலக்கு அழுத்தம் எவ்வளவு, அதனை எட்ட எந்த முறை உதவும் என்று வைத்தியரிடம் கேட்பதே பயனுள்ளது.

இவற்றைத் தவிர, வாயைத் திறக்காமல் வரத்தையே குறைக்கும் வழியும் உண்டு. குளத்தின் மடையைப் பாதி சாத்துவதுபோல, நீர் சுரக்கும் பிசிர் உடலின் ஒரு பகுதியை வெளியிலிருந்து லேசரால் செயலிழக்கச் செய்வார்கள். சாத்திய மடையைத் திரும்பத் திறக்க முடியாதாகையால், பார்வை ஏற்கனவே பெரிதும் குறைந்த கண்ணுக்கும், மற்ற வழிகள் தோற்ற கண்ணுக்கும் இதனை ஒதுக்கிவைப்பதே நீண்டகால வழக்கம்.

ஒப்பரேஷனுக்குப் பிந்திய நாட்கள்

பெரும்போக விதைப்பு நேரத்தில் ஒப்பரேஷன் செய்துவிட்டு வரம்பு கட்டக் குனிபவரை யாராலும் தடுக்க முடியாது. ஆகவே பயிர் வேலை இல்லாத இடைவெளியில் திகதி கேளுங்கள். பல வாரங்களுக்குக் குனிந்து பாரம் தூக்குவது, மூச்சடக்கி முக்குவது, கண்ணைக் கசக்குவது கூடாது. சூடடிக்கும் களத்துத் தூசும் அடுப்புப் புகையும் ஆகாது. தோணிக்காரர்கள் வாவி நீரில் முங்கக் கூடாது. ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தத்தில் தலைமுழுகும் ஆவலைத் தீர்த்தத்தைக் கையால் தொட்டுத் தலையில் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தொழுகையில் சுஜூது செய்யும்போது தலை தாழ்வதால் கண்ணழுத்தம் ஏறும். ஆரம்ப வாரங்களில் கதிரையில் இருந்து தொழலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கண்ட மிகப் பொதுவான தவறு வேறு. ஒப்பரேஷன் செய்த கண்ணுக்குப் பழைய அழுத்த மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். நோயாளி வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணுக்குமே நிறுத்திவிடுவார். மற்றக் கண்ணுக்குப் பழைய மருந்து ஒரு நாளும் தவறாமல் தொடர வேண்டும். போத்தல்களில் வலது, இடது என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஸ்டீரொயிட் மருந்து முடிந்ததும் மீந்த போத்தலை வீட்டில் வேறொருவர் கண் கடிக்கு விடக் கூடாது. நீண்ட நாள் விட்டால் அந்த மருந்தே சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றிக் குளுக்கோமாவை உண்டாக்கும். பாமசியில் வைத்தியரின் துண்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விடும் சிவப்பு மாற்றும் மருந்துகள் சிலவற்றிலும் இதே ஸ்டீரொயிட் உண்டு.

கடைசியாக, நான் முன்னர் ஒத்திவைத்த கிருமித்தொற்று. கொப்புளத்தின் மேலே இருப்பது மிக மெல்லிய தோல் மட்டுமே. அதன் கீழே கண்ணின் உட்புறத்திற்கு நேரடி வழி இருக்கிறது. மற்றவருக்கு இரண்டு நாளில் மாறும் கண்நோய், டிரபெகியூலெக்டமி செய்த கண்ணில் மணித்தியாலக் கணக்கில் உள்ளே இறங்கிப் பார்வையை அழிக்கக்கூடும். ஒப்பரேஷன் முடிந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தாலும் இந்த ஆபத்துக் குறைவதில்லை. அந்தக் கண் சிவந்தாலோ, பீளை கட்டினாலோ, நோவெடுத்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை திடீரென மங்கினாலோ, தாய்ப்பாலும் நந்தியாவட்டைப் பூவும் தேடாமல், நாளைய கிளினிக் வரை பொறுக்காமல், அன்றே கண் சிகிச்சைப் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் கடமையில் இருப்பவர் கண்ணின் பழைய கதையை அறிந்திருக்க மாட்டார் என்பதால், மாமாவின் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், எந்தக் கண், எந்த ஆண்டு, வடிகால் ஒப்பரேஷன் செய்யப்பட்டது, சிவந்தால் உடன் கண் வைத்தியருக்குக் காட்டவும் என்று சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறோம். எழுத்து வாசிக்கத் தெரியாத மாமிக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டத் தெரியும்.